சர்வதேச எலும்புப்புரை அமைப்பை நடத்துவது யார்? மருத்துவர்களா, மருந்து நிறுவனங்களா?

இரண்டு தரப்பும் உள்ளே இருக்கின்றன. நோயாளிகளுக்காகப் பேசும் சங்கங்களும் இருக்கின்றன. அந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதுதான் விஷயமே.

எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் இந்த எலும்புப்புரை நோயில் எனக்கு அக்கறை வந்தது அம்மாவால். மணிக்கட்டு உடைந்தபோது மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. நான்கு வருடம் கழித்து வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அப்புறம்தான் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள்.

நீங்கள் கேட்பது இன்டர்நேஷனல் ஆஸ்டியோபோரோசிஸ் ஃபவுண்டேஷன், சுருக்கமாக ஐ.ஓ.எஃப். முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு அமைப்புகள் 1998-இல் இணைந்து உருவானது. தலைமையகம் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள நியோன் என்ற சிறு நகரம். லாப நோக்கமற்ற அமைப்பு. அதற்கென்று மருத்துவமனை கிடையாது, யாருக்கும் நேரடியாகச் சிகிச்சை தருவதும் இல்லை.

தலைவரும் நிர்வாகக் குழுவும் மேலே. அதற்குக் கீழே தேசியச் சங்கங்களின் குழு, அறிவியல் ஆலோசகர் குழு, நிறுவனங்களின் ஆலோசனைக் குழு என்று மூன்று. ஆசிய-பசிபிக், லத்தீன் அமெரிக்கா என்று வட்டார அளவிலும் குழுக்கள் உண்டு. என் பார்வையில் இதன் முதுகெலும்பு தேசியச் சங்கங்கள்தான். அந்தந்த நாட்டு அரசோடும் மருத்துவர்களோடும் பேசுவது அவர்களே. அக்டோபர் 20, உலக எலும்புப்புரை தினத்தை மக்களிடம் கொண்டுபோவதும் அவர்களே.

விஞ்ஞானிகளின் பங்கும் சின்னதில்லை. ஒருவருக்கு அடுத்த 10 ஆண்டில் எலும்பு முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் ஃப்ராக்ஸ் கருவியை, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். அதே கேனிஸ் இந்த அமைப்பின் தலைவராகவும் இருந்தவர்.

மருந்து, பரிசோதனைக் கருவி, சத்துணவு நிறுவனங்கள் பணம் தருகின்றன, ஆலோசனைக் குழுவில் உட்காருகின்றன. இதை அமைப்பு மறைப்பதில்லை. ஆனாலும் ஒரு அறிக்கையில் குறிப்பிட்ட மருந்தைப் பற்றிப் படித்தால், அதற்கு யார் நிதி கொடுத்தார்கள் என்று கீழே பார்த்துவிடுவது என் வழக்கம். நீங்களும் பாருங்கள்.

அவர்கள் செய்வதில் நான் மிகவும் மதிப்பது 2012-இல் தொடங்கிய 'கேப்ச்சர் த ஃப்ராக்சர்' திட்டம். 50 வயதைத் தாண்டியவர் முதல் முறிவோடு வந்தால், கட்டுப் போட்டதோடு விடாமல், ஒரு ஒருங்கிணைப்பாளர் அவரைப் பின்தொடர்ந்து அடர்த்திப் பரிசோதனை, மருந்து, கீழே விழாமல் இருப்பதற்கான வழி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இப்படிச் செய்யும் மருத்துவமனைகள் தங்கள் விவரங்களை அனுப்பலாம். 13 அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுத்து உலக வரைபடத்தில் குறிக்கிறார்கள். மணிக்கட்டு உடைந்த அன்று அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது உதவி தேவை என்றால் நியோனுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டில் உறுப்பினராக உள்ள சங்கம் எது என்று அமைப்பின் பட்டியலில் பார்த்து, அவர்களையே கேளுங்கள்.