டிபி ஊசி போட்டு நடை தள்ளாடுது, பலவீனம்னு விட்டுடலாமா?

ஹட்டன் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 63 வயசு, 48 கிலோ. டிபி மாத்திரை தொடங்கி மூணாவது கிழமையிலயே செங்கமாரி வந்துருச்சாம், அதனால டாக்டர் பழைய மாத்திரைய நிறுத்திட்டு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் வேற ரெண்டு மாத்திரையும் குடுத்திருக்காரு. இதுவரைக்கும் 18 ஊசி போட்டாச்சு. இப்ப அப்பா நடக்கும்போது ஒரு பக்கமா சாயுறாரு, காது இரையுதுன்னும் சொல்றாரு, பக்கத்து லயத்துல உள்ளவங்க எல்லாம் சாப்பாடு பத்தல, பலவீனம்னு சொல்றாங்களாம். பஸ் செலவும் தாங்கல, முந்தி டிஸ்பென்சரியில உதவிக்கு நின்ன ஒருத்தர் காம்பராவுக்கே வந்து ஊசி போடுறேன்னு சொல்றாரு, போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க.

தங்கச்சி, முதல்ல அவசரமானத சொல்லிடுறேன். அடுத்த ஊசிக்கு முன்னாடி டாக்டர் அப்பாவ பாக்கணும், நாளைக்கு கிளினிக் போனதும் மிஸிகிட்ட, அதான் நர்ஸ்கிட்ட, "நடை தள்ளாடுது, காது இரையுது, டாக்டர் பாக்குற வரைக்கும் ஊசி வேணாம்"னு தெளிவா சொல்லுங்க. இப்ப குடுத்திருக்குற அந்த ரெண்டு மாத்திரைய நிறுத்திடாதீங்க. எல்லாத்தையும் ஒண்ணா விட்டுட்டு வீட்டுல இருந்தா டிபி கிருமி மருந்துக்கு மசியாததா மாறிடலாம், அதுக்கப்புறம் வைத்தியம் இன்னும் கஷ்டம்.

இந்த ஊசி ஏன் குடுத்தாங்கன்னா, வழக்கமான டிபி மாத்திரையில மூணு ஈரல பாதிக்கக்கூடியது, ஸ்ட்ரெப்டோமைசின் ஈரல தொடாது. ஈரல் தேறுற வரைக்கும் கிருமிய அடக்கி வைக்கத்தான் இது, ரத்தப் பரிசோதனை சரியானதும் பழைய மாத்திரைய ஒவ்வொண்ணா திரும்ப தொடங்கிப் பாப்பாங்க. அதனால டாக்டர் முடிவு தப்புன்னு நினைக்காதீங்க. ஆனா ஈரலுக்கு நல்லதா இருக்குற இதே மருந்து காதுக்கும் கிட்னிக்கும் ஆகாது, அந்தப் பக்கத்த யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்.

காதுன்னதும் எல்லாரும் செவிடு ஆகிடும்னுதான் நினைக்கிறாங்க, கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாரே, அப்ப ஒண்ணுமில்லன்னு விட்டுடுறாங்க. இங்கதான் பிழை நடக்குது. உள்காதுல கேக்குறதுக்கு ஒரு பகுதி, உடம்பு சாயாம நிதானமா நிக்கிறதுக்கு இன்னொரு பகுதி. இதே மருந்துக் குடும்பத்து அமிக்காசின், கனாமைசின் எல்லாம் அதிகமா கேக்குற பகுதியத்தான் அடிக்கும், ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் முதல்ல அடிக்கிறது நிதானத்த. அங்க உள்ள நுண்ணிய மயிர் மாதிரி செல்லுங்க செத்தா திரும்ப முளைக்காது. இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல, 1948ல பிரித்தானியாவுல வெளிவந்த ஆராய்ச்சியில 55 டிபி நோயாளிங்களுக்கு தினம் 2 கிராம் குடுத்தாங்க, பாதிப் பேருக்கு மேல தலைசுத்து. இப்ப டோஸ் அதுல பாதிக்கு மேல போறதில்ல, ஆனா வயசானவங்களுக்கும் கிட்னி சரியில்லாதவங்களுக்கும் இந்தக் குறைஞ்ச டோஸே உடம்புல தேங்கி நின்னுடும்.

நான் வேல செஞ்ச ஒரு ஆஸ்பத்திரியில கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. பகல்ல நல்லாத்தான் நடப்பாங்க, பீலிக்கரையில முகம் கழுவ கண்ண மூடினதும் சாய்ஞ்சு விழுந்துடுறாங்க, பொழுதுபட்டா படியில கால் வைக்க முடியல. ரத்தம் குறைவுன்னு சத்து மாத்திரைய குடுத்துட்டு நாங்க ஊசிய தொடர்ந்து போட்டுக்கிட்டே இருந்தோம், ரெண்டு கிழமை. நடை எப்படின்னு நானும் கேக்கல. காது கடைசி வரைக்கும் நல்லா கேட்டுச்சு, நிதானம் மட்டும் திரும்பி வரவே இல்ல, இப்பவும் இருட்டுனா சுவத்த பிடிச்சுக்கிட்டுத்தான் போறாங்க. கண்ணு பாத்துக்கிட்டு இருக்குற வரைக்கும் காதோட குறைய கண்ணு மறைச்சுடும், அதனாலதான் இருட்டுலயும் பனிமூட்டத்துலயும் கண்ண மூடினாலும் வெளிய தெரியுது.

நீங்க இன்னைக்கே இஸ்தோப்புல வச்சு பாருங்க. அப்பாவ கால ரெண்டும் சேத்து நிக்க வச்சு, நீங்க பக்கத்துலயே கைய நீட்டிக்கிட்டு நின்னு, கண்ண மூடச் சொல்லுங்க. சாய்ஞ்சா உடனே பிடிச்சுக்குங்க, டாக்டர்கிட்ட அதையே சொல்லுங்க. நடக்கும்போது எதிர்ல உள்ள மரம், சுவர் எல்லாம் ஆடுற மாதிரி தெரியுதான்னும் கேளுங்க. அதுவும் இதோட அறிகுறிதான். ஆடலன்னாலும், சாயலன்னாலும் கிளினிக் போறத தள்ளிப்போட வேணாம், ஏற்கனவே நடை மாறினது போதும்.

டோஸ் கணக்கையும் கேட்டு வச்சுக்குங்க. ஒரு கிலோவுக்கு சுமார் 15 மில்லிகிராம், அப்பாவோட எடைக்கு 720 வருது, 60 தாண்டினவங்களுக்கு அதையும் குறைச்சு 500ல இருந்து 750க்குள்ள வைக்கிறதுதான் வழக்கம். மருந்துக் குப்பியில இருக்குறது 1 கிராம் பவுடர். கரைச்சு முழுசையும் ஏத்திட்டா அப்பாவுக்கு தேவைக்கு மேல போயிடும், அதனால கிளினிக் கொப்பியில எத்தன மில்லிகிராம் எழுதியிருக்கு, எத்தன மில்லி எடுக்கணும்னு மிஸிகிட்ட கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற கிரியட்டினின் ரத்தப் பரிசோதனை எப்ப செஞ்சாங்கன்னும் கேளுங்க. கால் வீக்கத்துக்கு ஒண்ணுக்கு போற மாத்திரை, அதான் ஃபுரூசமைட், அப்பா குடிக்கிறாருன்னா கட்டாயம் சொல்லணும், அதுவும் இந்த ஊசியும் சேந்தா காதுக்கு ஆபத்து கூடும். முட்டி வலின்னு கடையில டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுறதும் வேணாம், கிட்னிக்கு கூடாது. ஈரல் தேறுற வரைக்கும் சாராயம் ஒரு சொட்டும் ஆகாது. வீட்டுல கர்ப்பமான பொண்ணுக்கு டிபின்னா இந்த ஊசிய போடவே கூடாது, வயித்துப் பிள்ளையோட காது போயிடலாம்.

காம்பராவுல வந்து போடுறத பத்தி கேட்டீங்க. வேணாம் தங்கச்சி. அவரு நல்ல மனசோடதான் சொல்றாரு, கையும் பழகின கையாத்தான் இருக்கும். ஆனா ஊசி போட்டதும் சிலருக்கு அலர்ஜியில மூச்சு அடைச்சு பிரஷர் இறங்கிடும், அந்த நேரம் அத அடக்குற மருந்து, அட்ரினலின், பக்கத்துல இருக்கணும், போடத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும். ஊசி குத்துறத விட, குத்துறதுக்கு முன்னாடி நேத்து நடை எப்படி, காது எப்படி, ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதான்னு தினமும் ஒரு ஆள் கேக்குறதுதான் பெரிய பாதுகாப்பு. இன்னொண்ணு, பாவிச்ச ஊசிய கானுல, தேயிலை அடியில வீசிட்டா வெறுங்காலோட மலை ஏறுறவங்க கால்லதான் குத்தும்.

பஸ் கஷ்டத்துக்கு வழி இருக்கலாம். டிபி வைத்தியம் அரசாங்கத்துல இலவசம், மாவட்ட செஸ்ட் கிளினிக்ல நிலமைய சொல்லி, டாக்டர் ஊசிய தொடரணும்னு முடிவெடுத்தா, லயத்துக்குக் கிட்ட உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலயோ தோட்ட டிஸ்பென்சரி ஐயாகிட்டயோ போட்டுக்க கடிதம் தர முடியுமான்னு கேளுங்க. ஒரு நாள் தவறினா மறுநாள் ரெட்டிப்பா போடக்கூடாது.

டாக்டர் பாக்குற வரைக்கும் அப்பாவ ராத்திரி தனியா கக்கூசுக்கு அனுப்பாதீங்க. வாசல்ல லைட் எரியட்டும், கையில ஒரு கம்பு குடுங்க, பீலிக்கு போகாம வீட்டுக்குள்ள உக்காந்தபடியே முகம் கழுவட்டும்.