ரீகன் பெயரும் விமானக் கட்டுப்பாடு நீக்கமும்

வணக்கம். "விமானத் துறையைத் திறந்துவிட்டதற்காகவே வாஷிங்டன் விமான நிலையத்துக்கு ரீகன் பெயர் வைத்தார்கள்" என்று உங்கள் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்க விமான நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டவர், ரீகனுக்கு முந்தைய அதிபரான ஜிம்மி கார்ட்டர். அதற்காக உள்ளிருந்தே உழைத்தவர், விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய அரசு வாரியத்தின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் கான். அவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ரீகன் பெயர் 1998-இல்தான் வந்தது, கிளிண்டன் காலத்தில். வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை 1981-இல் நீக்கியவர் ரீகன் என்பதால் பெயர் வைத்தபோதே எதிர்ப்பும் எழுந்தது.

விளைவுகளைப் பற்றி இன்னும் விரிவாக எழுதுங்கள். 1978 வரை எந்தத் தடத்தில் எந்த நிறுவனம் பறப்பது, என்ன கட்டணம் என்பதை அந்த அரசு வாரியமே முடிவு செய்தது. அந்தப் பிடி போனதும், பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், சராசரிக் கட்டணம் இறங்கியது. ஆனால் பெரிய நிறுவனங்கள் சில மைய நகரங்களில் குவிந்தன. அங்கே போட்டி மெலிந்தது. பிரானிஃப் விமான நிறுவனம் 1982-இல் திவாலானது. ஈஸ்டர்ன், பான் ஆம் ஆகிய இரு நிறுவனங்களும் 1991-இல் மூடின. சிற்றூர்ச் சேவை அறுந்துவிடாதிருக்க அதே 1978 சட்டத்தில் மானியம் வைத்தார்கள், அது இன்றும் தொடர்கிறது. உங்கள் கட்டுரைக்கு வலுவான பகுதி இதுதான் என்பேன்.