பைக், பஸ், கார், மெட்ரோ: எதில் போனால் புகை குறைவு?

சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் பைக். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதுமா?

கண்ணில் தூசி விழாது, அவ்வளவுதான். பிஎம் 2.5 எனப்படும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள் தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளியிலேயே தாராளமாக உள்ளே வரும். கர்சீப் கட்டுவதும் வீண். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் துகள்களைப் பிடிக்கும். தாடி வைத்திருந்தால் சரியாக ஒட்டாது. நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை அதுவும் தடுக்காது. சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்காதீர்கள். அதன் சைலன்சர் எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் ஒதுங்குங்கள்.

காரில் ஏசி போட்டால் சுத்தமான காற்றுதானே?

ஒரு பட்டனைப் பொறுத்தது. காருக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்தாவிட்டால், முன்னால் போகும் பஸ்ஸின் புகையை உங்கள் ஏசியே உள்ளே இழுத்துவரும். அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே சுழலும், துகள்களும் நன்றாகக் குறையும். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, தூக்கம் சொக்கும். ஓட்டுபவருக்கு அது ஆபத்து. நெரிசலில் பட்டனைப் போடுங்கள், சாலை காலியானதும் சிறிது நேரம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஏசி ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: மடிப்புகளில் சருகும் கருப்புத் தூளும் அடைந்திருக்கும். ஏசிக்கு கேஸ் நிரப்பக் காசு தருபவர்கள்கூட இதை மாற்றச் சொல்வதில்லை.

செல்போன் ஆப்பில் காற்று 'திருப்திகரம்' என்கிறது. பிறகென்ன கவலை?

நம் நாட்டுக் கணக்கில் பிஎம் 2.5 ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை 'திருப்திகரம்'. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர வரம்போ 15. தவிர, இந்தக் கணக்கு 24 மணி நேர சராசரி. கருவி இருப்பது எங்கோ ஓரிடத்தில், உங்கள் மூக்கு இருப்பது கத்திப்பாரா சந்திப்பில்.

சைக்கிளை விட்டுவிடலாமா?

வேண்டாம். மிதிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு காற்றை இழுக்கிறீர்கள், உண்மைதான். ஆனாலும் உடற்பயிற்சியின் லாபம் பெரும்பாலும் அதைவிட அதிகம். மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு தள்ளிப் போங்கள், புகை கணிசமாகக் குறையும். ஆஸ்துமா, இதயக்கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுரங்க மெட்ரோவில் இரும்புத் தூசி இருக்கும் என்கிறார்களே?

சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து வருவது அது. லண்டனின் பழைய சுரங்கங்களில் மிக அதிகம். சென்னைச் சுரங்க நிலையங்களில் பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருப்பதால் நிற்பவர்கள் பக்கம் குறைவாகவே வரும். அண்ணா சாலையில் பைக்கில் போவதா மெட்ரோவா என்றால், யோசிக்காமல் மெட்ரோ.

பஸ்ஸில் எந்த சீட்?

கதவை ஒட்டியது வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புகை அங்கேதான் முதலில் ஏறும்.