சோளத்துக்குள் கௌபி, உழுந்து: யூரியாவை எங்கே போடுவது?

(கேட்பவரின் ஊர் முதலில், என் பதில் அதன் கீழே. கௌபி என்பது தட்டைப்பயறு, காலபோகம் என்பது மாரிமழைப் போகம்.)

ஒட்டுசுட்டான்: ஐயா, காலபோகச் சோளத்துக்குள்ள கௌபி போடுறம். ஏக்கருக்கு எவ்வளவு யூரியா?

ஏக்கர்க் கணக்கை விடுங்கள். யூரியா சோளத்துக்கு, ஆகவே சோள வரிசையை அளவுங்கள். 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,700 மீற்றர் வரிசை வரும். தனிச் சோளத்துக்கு மேற்கட்டாக, அதாவது பயிர் வளரும்போது இடும் பசளையாக, 50 கிலோ பை ஒன்று போடுகிறவர் மீற்றருக்கு ஏழரைக் கிராம் போடுகிறார். மூன்றில் ஒரு வரிசை கௌபியானால் சோளம் 4,500 மீற்றர்தான், 33 கிலோ போதும். செடியிலிருந்து நாலு விரல் தள்ளிக் கீறி, போட்டு, மண்ணால் மூடுங்கள். மூடாமல் மேலே எறிந்தால் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

நெடுங்கேணி: கௌபி இரண்டு கிழமையில மஞ்சளிக்குது. கொஞ்சம் யூரியா எறியட்டா?

வேண்டாம் தம்பி. காற்றின் நைதரசனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் வேர்முடிச்சு வேலை தொடங்குமுன் மஞ்சளிப்பது வழமை. இப்போது யூரியா கிடைத்தால் செடி முடிச்சு வைக்காமல் சோம்பிவிடும், பிறகு கொடி நீண்டு காய் குறையும். இன்னும் ஒரு கிழமை விட்டு ஒரு செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள், பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பானால் வேலை செய்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. தண்ணீர் தேங்கினாலும் முடிச்சு மூச்சுத் திணறிச் செத்துவிடும், முதலில் வாய்க்கால் வெட்டுங்கள்.

மாங்குளம்: கௌபிதான் சோளத்துக்கு நைதரசன் குடுக்குதே, பிறகேன் யூரியா?

அதே போகத்தில் கொடுப்பது மிகச் சொற்பம்.

மாங்குளம்: இல்லை ஐயா, கௌபி பக்கத்துச் சோளம் கருகருவென்று நிக்குது. கண்ணால பாத்தது.

பார்த்தது சரி, காரணம் வேறு. கௌபி காற்றிலிருந்து தன் பங்கை எடுப்பதால் மண்ணிலுள்ளதில் குறைவாகவே கை வைக்கிறது, மிச்சம் சோளத்துக்கு. அடுத்த பயிருக்கு வருவதுதான் பெரிய வரவு, அதுவும் செடி மக்கினால்தான். விதையோடு நிறைய நைதரசன் போய்விடும். உழுந்தை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் நிலத்துக்கு என்ன மிஞ்சும்? அரிவாளால் அடியில் அறுங்கள், அடித்த பிறகு சக்கையைத் திரும்பப் பரப்புங்கள்.

மாங்குளம்: சக்கை மாட்டுக்கு வேணுமே?

மாட்டுக்குக் கொடுங்கள், எருவைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

புளியங்குளம்: சோளம், பயறு சேர்த்து, ஏக்கருக்கு எத்தனை பை?

முதலாவது பதிலைப் படியுங்கள். வரிசையை அளவுங்கள்.

துணுக்காய்: படைப்புழுவுக்கு என்ன அடிக்கலாம்?

உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். இங்கே பசளை மட்டும்.

முழங்காவில்: உழுந்துக்கும் சேர்த்து ஏக்கருக்கு...

உழுந்து வரிசைக்கு மேற்கட்டு யூரியா இல்லை. மீண்டும் சொல்கிறேன்: மூடாமல் மேலே எறியாதீர்கள்.

கரைதுறைப்பற்று: மணல் நிலம். யூரியா போட்ட அன்றே மழை கொட்டிட்டுது. திரும்பப் போடவா?

உடனே வேண்டாம். மணலில் வேருக்குக் கீழே இறங்கியிருக்கலாம், ஆனால் சோளமே சொல்லும். அடி இலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சள் ஆப்புப்போல உள்ளே ஏறினால் நைதரசன் பஞ்சம். அப்போது பாதி அளவு போடுங்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் அது பொட்டாசியக் குறை, யூரியா உதவாது. அடுத்த போகத்தில் மேற்கட்டை இரண்டாகப் பிரித்து, நாலாம் கிழமையில் ஒன்றும் பூ வருமுன் மற்றதும் போடுங்கள்.