போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்

கேள்வி: வயது 41, மதுரை அனுப்பானடி. மூன்று மாதமாகத் தனியாக ஓடுகிறேன், நிற்காமல் 3 கி.மீ. ஓட முடியும். ஊரின் மறுகோடியில் உள்ள ஓட்டக் குழு ஒன்றில் போன மாதம் சேர்ந்தேன். முதல் நாளே எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், இருட்டில் நான் மட்டும் பின்னால். வந்து சேர்ந்தபோது குரூப் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். மறுபடி போகவா, இங்கேயே நானாக ஒன்று ஆரம்பிக்கவா? – பெயர் வேண்டாம்

பதில்: போட்டோ விஷயத்தைப் படித்ததும் எனக்கே சுருக்கென்றது. ஆனால் அவர்கள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவரை யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்து, கடைசியில் ஒருவருமே கவனிக்காமல் விடுவது, கல்யாண வீட்டில் சொந்தக்காரரைப் பந்திக்குக் கூப்பிட மறக்கிற மாதிரிதான். இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். முந்தின நாளே அட்மினிடம், "எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் ஆகும், அந்த வேகத்தில் கூட யார் வருவாங்க?" என்று நேராகக் கேளுங்கள். ஒரு ஆளைக் காட்டினால் நல்ல குழு. "வாங்க மேடம், போகப் போகப் பழகிடும்" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சரி, அது நல்ல குழுவாகவே இருக்கட்டும். விடியும் முன்னே வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து எத்தனை வாரம் போவீர்கள்? நான் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் தாங்க மாட்டேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறதே! ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், சுற்றி வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் போல வரும், நான்கு சுற்றுக்கு 5 கி.மீ. கணக்கு சரியாகிவிடும். இப்படிச் சுற்றி ஓடுகிற இடத்தில் பெரிய வசதி, யாரும் தொலைந்துபோக முடியாது. வேகமானவர் ஆறு சுற்று ஓடட்டும், நீங்கள் மூன்று ஓடுங்கள், நடுவில் உங்களைத் தாண்டும்போது ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். காலை நடைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் தனியாக நிற்கிற பயம் குறையும். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், ஓடினால் அதுவும் ஓடும். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது, அன்றைக்கு மட்டும் லீவு.

லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் சனிக்கிழமை காலை 5 கி.மீ. ஓட்டம் ஒன்றை ஆரம்பித்தார். காலில் அடிபட்டிருந்ததால் அவரால் ஓட முடியவில்லை, நண்பர்களை ஓடவிட்டு நேரம் குறித்தார். வந்தவர்கள் 13 பேர். பார்க்ரன் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடப்பது அதுதான். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: கடைசியாக வருபவருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரைப் போட்டுவிடுவார்கள். ஆக, ஓட வந்தவர் யாரும் கடைசி ஆள் இல்லை. முதல் மாதம் அந்த வேலையை நீங்களே செய்யுங்கள், அந்த வலி தெரிந்தவர் நீங்கள்தானே.

டி-ஷர்ட், லோகோ, குழுவுக்குப் பெயர் எதுவும் இப்போது வேண்டாம், காசு வசூல் வேண்டவே வேண்டாம் (டி-ஷர்ட் கலரில் ஆரம்பித்துக் கணக்கு வழக்கில் உடைந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்). தெரிந்த ஒரே ஒரு ஆளிடம், "ஞாயிறு காலை ஐந்தே முக்கால், மாரியம்மன் கோயில் வாசல்" என்று சொல்லுங்கள். மழையோ முகூர்த்தமோ, நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். நாலு பேர் சேர்ந்தபின் வாட்ஸ்அப் குரூப் வைத்துக்கொள்ளலாம், குட்மார்னிங் படங்களுக்குத் தடையோடு. அப்புறம், பிரஷர், சுகர், நெஞ்சு தொந்தரவு உள்ளவர்கள் வந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும், மூச்சு முட்டிப் பேச்சு நின்றால் நடக்கட்டும்.

முதல் ஞாயிறு யாருமே வராமல் போகலாம். உங்கள் 3 கிலோமீட்டரை ஓடிவிட்டு, வழியில் ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த ஞாயிறும் ஐந்தே முக்காலுக்கு அங்கேயே நில்லுங்கள்.