ஹாஸ்டல், அரியர், குடும்பக் கடன்: கல்லூரி மனநல ஆலோசகரின் பதில்கள்

என் அறை நண்பன் மெஸ்ஸுக்கு வருவதில்லை. ஆசையாக வாங்கிய கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து அறைப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். நேராகக் கேட்டால் நானே தற்கொலை எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா? (மூன்றாம் ஆண்டு, கோவை)

ஆகாது, தம்பி. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. "அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்பான், நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று அவனுக்குத் தெரியும். "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேளுங்கள். "ஆமாம்" என்றால் பதறாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். "உன் அம்மாவை நினைத்துப் பார்" என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று ஏற்கெனவே குமைகிறவனுக்கு அது இன்னொரு பாரம். அவன் பேசட்டும். இன்றிரவு தனியே விடாதீர்கள். வார்டனிடமோ ஆலோசகரிடமோ நீங்களே கூட்டிச் செல்லுங்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையின் சிநேகா அமைப்பு: 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் 108.

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்பான். செய்துகொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

மார்க் குறைந்ததற்காகவா உயிரை விடுவார்கள்? நாங்களும் தோற்றவர்கள்தானே! (ஒரு தந்தை, திருவண்ணாமலை)

மார்க் மட்டும் காரணமாக இருப்பது அரிது, ஐயா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் அரியரைவிட அதை மறைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம், முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த பெருமை, அதனால் சொல்லப்படும் முதல் பொய், பிறகு தொலைபேசியையே எடுக்காமல் இருப்பது. வாரம் ஒரு முறையாவது படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் பேசிப் பாருங்கள். தொடக்கத்தில் இருவருக்குமே பேச்சு வராது, அது பரவாயில்லை.

தமிழ் வழியில் படித்தவள். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். கட்-ஆஃப் கேட்டுச் சாதியைக் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு மனநோயா? (முதலாம் ஆண்டு)

அவமானப்படுத்தினால் வலிப்பது நோய் இல்லையம்மா. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். இப்படிப்பட்ட கேலி ராகிங்கில் அடங்கும். 1800-180-5522இல் புகார் செய்யலாம். உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுக்க 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்த பணிக்குழுவிடம் ஆராயச் சொன்ன காரணங்களில் ராகிங்கும் சாதிப் பாகுபாடும் உண்டு. உங்களைப் போல் வந்து படிக்கும் சீனியர் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். என் அறையில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட அது பலன் தரும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மீது வழக்கு வருமா?

பொதுவாக வராது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. சிகிச்சை அளிப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லவே இல்லை.

எங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தும் யாரும் போவதில்லையே? (உதவிப் பேராசிரியர்)

அந்த அறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், மேடம். முதல்வர் அறைக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்டு வைத்தால் யார் வருவார்கள்? எங்கள் கல்லூரியில் நூலகத்தின் பின்பக்கம் மாற்றினோம். வருகைப்பதிவுக்கான அனுமதிச் சீட்டில் 'ஆலோசனை' என்று எழுதுவதையும் நிறுத்தினோம். அதன் பிறகுதான் வர ஆரம்பித்தார்கள், அதுவும் பெரும்பாலும் தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய வாரத்தில்.