மூன்று கண் பாலத்துக்கு யார் பேசுவார்கள்? பழைய காங்கிரீட் பாலங்கள் பற்றிய கேள்வி பதில்

நெடுஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1970-கள் வரை நெல்லைச் சீமையில் எழுந்த பாலங்களைக் கணக்கெடுப்பது குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, காக்க வேண்டிய பாலம் என்றால் சுலோசன முதலியார் பாலம்தானே? சாதாரண காங்கிரீட் பாலத்தில் என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

நெல்லையில் தாமிரபரணியின் மேல் 1843-இல் திறந்த அந்தப் பாலம் சொந்தப் பணத்தைக் கொடுத்தவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்காக வாதாட ஊரே வரும். ஓடையின் குறுக்கே 1950-களில் போட்ட மூன்று கண் (தூண்களுக்கு இடையே நீர் போகும் திறப்பு) பாலத்துக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் தீவாகிப்போன கிராமத்துக்கு முதல் பஸ் வந்தது அதன் மேல்தான். பிரசவ வலியோடு ஆற்றங்கரையில் காத்துக் கிடந்த காலம் முடிந்ததும் அதனால்தான். எனக்கு இதுவும் வரலாறுதான்.

கணக்கெடுக்கப் போகும்போது எதையெல்லாம் குறிக்க வேண்டும்? (ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

கோடையில், ஆற்றில் நீர் வடிந்த பிறகு போங்கள். பாலத்தின் மேல் நின்று பார்த்துத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். பாலம் தன்னைக் காட்டுவது அடியில். எத்தனை கண், தளம் வெறும் பலகை போன்றதா, அடியில் உத்தரங்கள் ஓடுகின்றனவா, தூண் கல்லா காங்கிரீட்டா, தளம் தூணில் உட்காரும் இடத்தில் தாங்கி இருக்கிறதா என்று எழுதுங்கள். காங்கிரீட்டின் மேல் மரப்பலகை அச்சின் வரிகள் தெரிந்தால் படம் எடுங்கள். தச்சர் கைப்பட அடித்த பலகைகளின் தடம் அது. இரும்புத் தகடு அச்சு வந்த பின் அந்த வரிகள் மறைந்துபோயின.

பிறகு மேலே வந்து கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். முதலில் அழிவது அதுதான். லாரி இடித்தால் புதிதாகக் கட்டுவார்கள், அகலப்படுத்தினால் முழுதாக எடுப்பார்கள். திறப்பு விழாக் கல் பெரும்பாலும் அங்கேதான் பதித்திருக்கும். சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தால் சுரண்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கடைசியாக ஊர்ப் பெரியவர்களிடம் பாலத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அரசுப் பதிவேட்டில் அது வெறும் கிலோமீட்டர் எண்ணாக இருக்கும்.

அண்ணாச்சி, எத்தனை வயதானால் சட்டம் காக்கும்? (மேலப்பாளையம்)

தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறைந்தது 100 ஆண்டு கேட்கிறது. நம் காங்கிரீட் பாலங்கள் அதற்குள் வராது. அமெரிக்காவில் பொதுவாக 50 ஆண்டு. அங்கே 1945-க்குப் பின் ஒரே மாதிரிப் பாலங்கள் ஏராளமாகப் பெருகியதால், அவற்றைத் தனித்தனியாக ஆராய வேண்டாம் என்று 2012-இல் பொதுவிலக்கு அளித்தார்கள். வளைவுப் பாலங்களும் தனிச்சிறப்பு உள்ளவையும் அந்த விலக்கில் சேரவில்லை. எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் முழுப் பட்டியலும் கையில் இல்லாமல் எது சாதாரணம், எது அரிது என்று யாரால் சொல்ல முடியும்?

நெல்லைச் சந்திப்பிலுள்ள ஈரடுக்குப் பாலம்? (வண்ணாரப்பேட்டை)

1973-இல் திறந்தது; ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதன் வில் வளைவுகளை நின்று பாருங்கள். வளைவு வெளியே தள்ளும் விசையைக் கீழே நாண் போல ஓடும் உத்தரம் இழுத்துப் பிடிப்பதால் தூண் அந்தத் தள்ளலைச் சுமக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் என் பட்டியலின் முதல் பெயர் அதுதான்.

வெள்ளத்தில் எங்கள் பாலம் ஆடிப்போயிருக்கிறது. காக்கச் சொல்வது ஆபத்தல்லவா? (ஸ்ரீவைகுண்டம்)

பெருமையை ஒரு நோட்டிலும் பலத்தை வேறு நோட்டிலும் எழுத வேண்டும். பலத்தைப் பொறியாளர் சோதிப்பார். உடைத்த காங்கிரீட்டில் பினாப்தலீன் என்ற வேதிக்கரைசலைத் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும். காற்றின் கரியமில வாயு ஊடுருவிய பகுதி நிறம் மாறாது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால் துரு பிடிக்க வழி திறந்துவிட்டது என்று பொருள். வெள்ளத்துக்குப் பின் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது தூணடி மண்ணரிப்பு. அரித்திருந்தால் உடனே போக்குவரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இடித்தே ஆக வேண்டும் என்றால்? (நாங்குநேரி)

இடிக்கும் முன் அளவெடுத்து வரைபடம் போடுங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பெயர்க்கல்லைப் பெயர்த்து ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ பதியுங்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு கல் ஜல்லியோடு ஜல்லியாகப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அதில் இருந்த ஆண்டு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.